பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள்

கரிசல் காட்டு ஊர்களில் பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் புத்தகப்பையில் போதைப் பாக்குப் பொட்டலம் அகப்பட்டுவிட்டால், அந்த வீட்டில் நடப்பவை பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன. முதலில் அடி விழும். பிறகு அழுகையும் சத்தியமும். சில வாரங்களில் மறுபடியும் அதே பொட்டலம், இல்லாவிட்டால் அதைவிட மோசமான ஒன்று. கோயிலில் கயிறு கட்டிப் பார்ப்பார்கள். தாய்மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் தோற்ற பிறகுதான் வைத்தியத்தின் நினைப்பு வரும். அப்போதும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம், ஆளை மாற்றி அனுப்புங்கள்." அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் பாசத்தையும் களைப்பையும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. கோளாறு முழுவதும் பையனுக்குள் இருக்கிறது, அவனைத் தனியே பிரித்தெடுத்துச் சரிசெய்து திருப்பித் தந்துவிடலாம் என்ற எண்ணம் அது. கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சிகள் இதற்கு நேர்மாறான முடிவுக்கே நம்மைக் கொண்டுவருகின்றன. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை என்றால், பெற்றோரும் அந்தச் சிகிச்சையின் ஓர் அங்கம். அவர்களை உள்ளே அழைத்து வருவது சிகிச்சை தருபவரின் பொறுப்பு. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

முதலில் சிக்கலின் அளவைப் பார்ப்போம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின் அறிக்கை 2019-ல் வெளிவந்தது. நாடு முழுவதும் சுமார் 4.73 லட்சம் பேரிடம் விசாரித்து எடுத்த கணக்கு அது. மது, கஞ்சா, அபின் வகை போன்றவற்றில் பெரியவர்களின் விகிதமே கூடுதலாக இருந்தது. முகர்ந்து உள்ளிழுக்கும் பொருட்களில் மட்டும் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களை முந்தியிருந்தார்கள்: பெரியவர்களில் 0.58 சதவீதம், பிள்ளைகளில் 1.17 சதவீதம். இந்த ஒரு வகையில் மட்டும் உதவி தேவைப்படும் பிள்ளைகள் சுமார் 4.6 லட்சம் பேர் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. அதே ஆண்டு நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பள்ளிகளில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைத் தொடுகிறார்கள். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-லேயே தடை வந்துவிட்டது. இருந்தும் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் 'கூல் லிப்' பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியிருப்பதைக் கண்டு, 2024-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. அதை நாடு முழுவதும் தடை செய்வது பற்றி மத்திய அரசிடம் விளக்கமும் கேட்டது.

எட்டயபுரம் போன்ற ஒரு சிற்றூரில் போதைக்காக யாரும் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், பெயின்ட் தின்னர் எல்லாமே அன்றாடத் தேவைக்காகக் கடையில் இருப்பவை. இவற்றில் உள்ள டொலுயீன் போன்ற கரைப்பான்கள் கொழுப்பில் எளிதில் கரைபவை. மூளை கொழுப்பு நிறைந்த உறுப்பு. அதனால் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கும் ஆவி சில நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. நீண்ட நாள் பழகினால், நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சிதைந்து நினைவும் நடையும் தடுமாறத் தொடங்கும். இன்னொரு ஆபத்தைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்த ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு அளவுமீறி எதிர்வினை காட்டும் நிலைக்குத் தள்ளுகின்றன. அந்த நேரத்தில் பையன் திடீரென்று பயந்தாலோ தலைதெறிக்க ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். முதல் முறை முகர்ந்தவனுக்கும் இது நேரலாம். ஆகவே போதையில் இருக்கும் பிள்ளையைப் பிடித்துவிட்டால் கத்தக் கூடாது, துரத்தக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, பக்கத்திலேயே அமைதியாக இருக்க வேண்டும். மூச்சிலோ நினைவிலோ தடுமாற்றம் தெரிந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது பிள்ளையின் உயிரைத் தீர்மானிக்கும் இடம் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

பதின்வயதில் மூளை ஒரே சீராக வளர்வதில்லை. இன்பத்தையும் பரபரப்பையும் தேடச் சொல்லும் உட்பகுதிகள் முன்கூட்டியே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. பொறுமையையும் பின்விளைவைப் பற்றிய யோசனையையும் கவனித்துக்கொள்ளும் முன்மூளைப் பகுதியோ 25 வயதை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கடிவாளம் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. சுற்றியிருக்கும் பெரியவர்கள்தான் அதைப் பிடித்திருக்கிறார்கள். போதைப் பொருள் டோபமைன் சுரப்பைத் தூண்டும்போது, மூளை இன்பத்தோடு சூழலையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்கிறது. எந்தத் தெரு, எந்த நண்பன், எந்த நேரம், எந்தக் கோபத்துக்குப் பிறகு என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். பிறகு அந்தத் தெருவைப் பார்த்தாலே ஏக்கம் கிளம்புகிறது. 30 நாட்கள் வேறோர் ஊரின் மையத்தில் இருக்கும் பையனை அந்தத் தூண்டுதல்கள் எட்டுவதில்லை. அதனால் அவன் தேறிவிட்டது போலவே தெரியும். திரும்பி வந்த அன்று மாலையே பழைய தெருவும் பழைய சண்டையும் பழைய நண்பர்களும் எதிரே நிற்பார்கள். சிகிச்சையின் உண்மையான பரீட்சை வீட்டில்தான் நடக்கிறது. அந்த இடத்தில் பக்கத்தில் இருக்கப் போவது மருத்துவர் அல்ல, அம்மாவும் அப்பாவும்தான்.

தனியே பிரித்து வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், பிரான்சுவா பூலின் ஆகிய மூவரும் 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையையே உலுக்கியது. தடம் மாறும் ஆபத்தில் இருந்த சிறுவர் சிறுமியரை ஒன்றாக உட்கார வைத்து நல்வழி கற்பித்த குழுக்களை அவர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். குழுவில் சேர்ந்தவர்களிடம் புகையிலைப் பழக்கமும் ஒழுங்கின்மையும் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன. வகுப்பு நடந்த நேரத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் அவர்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியர்களாகிவிட்டார்கள். ஒருவனின் சேட்டைக் கதைக்கு மற்றவர்களின் சிரிப்பே பரிசாகக் கிடைத்தது. பெற்றோருக்குப் பயிற்சி தந்த பிரிவில் இந்தக் கெடுதல் காணப்படவில்லை. எல்லாக் குழுச் சிகிச்சையும் கெடுதல் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தேர்ந்த சிகிச்சையாளர் நடத்தினால் இந்தப் பாதிப்பைத் தடுக்க முடியும். ஆனால் பதினைந்து வயதுப் பையனைப் பல ஆண்டுகளாகக் குடித்துவரும் பெரியவர்களோடு ஒரே கூடத்தில் பூட்டி வைக்கும் இடங்கள் இருக்கும்வரை, 'எங்கேயாவது சேர்த்துவிடுவது' என்பதை வைத்தியம் என்று சொல்ல முடியாது.

குடும்பத்தை உட்கார வைத்துச் சிகிச்சை தரும் முறைகள் ஒரே இரவில் பிறந்தவை அல்ல. அமெரிக்காவின் மயாமி நகரில் 1970-களில் கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளிடையே போதைப் பழக்கம் பரவியபோது, ஹோசே சபோச்னிக் என்ற உளவியலாளர் அங்கே ஒன்றைக் கவனித்தார். குடும்பத்தையே உயிர்மூச்சாகக் கருதும் ஒரு சமூகத்தில் பிள்ளையை மட்டும் தனியே அழைத்துப் பேசுவது எடுபடவில்லை. குடும்பத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள், சண்டை எங்கே தொடங்குகிறது என்பதைச் சீர்ப்படுத்தும் குறுகிய காலச் சிகிச்சை ஒன்றை அவர் உருவாக்கினார். பிற்பாடு ஹோவர்ட் லிடில் என்பவர் பையன், பெற்றோர், குடும்பம், பள்ளி என நான்கு முனைகளிலும் வேலை செய்யும் பல்பரிமாணக் குடும்பச் சிகிச்சையை வகுத்தார். பிரஸ்ஸல்ஸ், பெர்லின், பாரிஸ், த ஹேக், ஜெனீவா ஆகிய ஐந்து நகரங்களில் கஞ்சாப் பழக்கம் முற்றிய 450 பதின்வயதினரிடம் இந்த முறை சோதிக்கப்பட்டு, 2013-ல் முடிவுகள் வெளியாயின. தனிநபர் சிகிச்சை பெற்றவர்களைவிடக் குடும்பச் சிகிச்சை பெற்றவர்கள் பாதியில் நின்றுவிடாமல் தொடர்ந்து வந்தார்கள். கஞ்சாவுக்கு அடிமையான நிலை அவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. அதே ஆண்டில் டேனர்-ஸ்மித் குழுவினர் 45 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பதின்வயதினருக்கான வெளிநோயாளிச் சிகிச்சைகளில் மிக வலுவான சான்று குடும்பச் சிகிச்சைக்கே இருந்தது.

அப்படிப் பெற்றோர் உட்கார்ந்து கற்றுக்கொள்வது என்ன? ஒரு சாதாரண மாலையை எடுத்துக்கொள்வோம். பையன் இரவு ஒன்பது மணிக்கு வருகிறான். "ஊரெல்லாம் சிரிக்குது, நீ உருப்படவே மாட்ட" என்கிறார் அம்மா. அவன் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துகிறான். அப்பா கையை ஓங்குகிறார். அவன் கதவை அறைந்துகொண்டு வெளியே போகிறான். அம்மா பயந்துபோய் மறுநாள் அவன் கேட்ட ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிடுகிறார். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் பல குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே கூர்ந்து கவனித்து இந்தச் சுழலை விவரித்தார். கத்தினால் பெரியவர்கள் பின்வாங்குவார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் அந்த நேரத்துக்காவது அமைதி கிடைக்கும் என்று பெற்றோர் கற்றுக்கொள்கிறார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் பழக்கப்படுத்துகிறார்கள். 'அடியாத மாடு படியாது' என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போதே, அடியும் கெஞ்சலும் மாறி மாறி வரும் வீட்டில் பிள்ளை பிடிவாதத்தைத்தான் படிக்கிறது. இந்தச் சுழலை உடைக்கும் பேச்சு மிகச் சிறியது. பையன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, குரலை உயர்த்தாமல், குறிப்பிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்: "நேத்து ஆறு மணிக்கெல்லாம் வந்துட்ட. அம்மாவுக்கு நிம்மதியா இருந்துச்சு. இன்னைக்கும் அப்படி வாய்யா, சேர்ந்து சாப்பிடுவோம்." தெளிவாக வந்தால் கூட இருப்பதும் பாராட்டும் சின்னச் சின்ன சலுகைகளும், போதையில் வந்தால் சண்டையும் இல்லை, சலுகையும் இல்லை, காசும் இல்லை. சொல்வதற்கு எளிது. கோபமும் பயமும் கொதிக்கும் வீட்டில் இதைச் செய்துகாட்டப் பயிற்சியும் துணையும் வேண்டும். அந்தப் பயிற்சிதான் பெற்றோருக்கான சிகிச்சை.

பையன் வர மறுத்தாலும் இந்த வழி அடைபடுவதில்லை. ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய, குடும்பத்தாரை மட்டும் வைத்துத் தொடங்கும் பயிற்சி முறையை 1999-ல் 130 குடும்பத்தாரிடம் சோதித்தார்கள். சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்துவந்தவர்களில் 64 சதவீதம் பேரை அந்த வழியில் சிகிச்சைக்குக் கொண்டுவர முடிந்தது. உறவினர்கள் ஒன்றுகூடி நேருக்கு நேர் நெருக்கும் முறையில் 30 சதவீதமே கிடைத்தது. பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் 42 பேரிடம் 2007-ல் இதே முறையைச் சோதித்தபோது, 71 சதவீதம் பேர் தங்கள் பிள்ளைகளைச் சிகிச்சைக்கு அழைத்து வந்தார்கள். அதேபோல் கண்காணிப்பு என்ற பெயரில் செல்போனைப் பிடுங்கிப் பார்ப்பதும் பையைத் துழாவுவதும் நாம் நினைக்கும் அளவு உதவுவதில்லை. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் நடத்திய ஆய்வு 2000-ல் வெளிவந்தது. பிள்ளையின் நடமாட்டம் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னவை. துப்பறிந்து பெற்றதைவிட, சொல்லத் தோன்றும்படி வீட்டை வைத்திருந்ததால் பெற்றதே அதிகம். ஆகவே 'எங்கே போனாய்' என்று அதட்டுவதைவிட, சொன்னால் அடி விழாது என்ற உறுதியைத் தருவதே கூர்மையான கண்காணிப்பு.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு ஒத்துவரும், நமக்குச் சரிப்படாது என்பவர்கள் நம் மண்ணின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவமனைகள் நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைப்பதே உலக வழக்கமாக இருந்த 1950-களில், அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அமைத்துத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவதே அந்தப் பத்தாண்டிலிருந்து நடைமுறையானது. போதைச் சிகிச்சையில் சென்னை இதற்கு வழிகாட்டியது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரிலேயே 1980-ல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்த அந்த இடத்தில் நோயாளிக்கு ஒரு திட்டம், குடும்பத்துக்கு ஒரு திட்டம் என்று இரண்டும் சேர்ந்தே நடந்தன. பிற்பாடு காவிரிப் படுகையில் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய் முகாம் அமைத்து, ஊராரின் ஒத்துழைப்போடும் குடும்பத்தாரின் பங்கேற்போடும் குடிநோய்க்குச் சிகிச்சை தந்தார்கள். அந்த அனுபவத்தை அவர் 1994-ல் 'அடிக்ஷன்' என்ற பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார். அவை பெரியவர்களுக்கான முகாம்கள்தான். ஆனால் பெரியவர்களுக்கே குடும்பம் தேவைப்பட்டது என்றால், இன்னும் பெற்றோர் நிழலில் வளரும் பிள்ளைக்கு அது எவ்வளவு தேவை?

சட்டமும் இதையே சொல்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட ஒருவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து பிரித்தே தங்கவைக்க வேண்டும் என்று அதன் 87-ஆம் பிரிவு விதிக்கிறது. சிகிச்சை முடியும்வரை பெற்றோரோ பாதுகாவலரோ அல்லது அவர்கள் நியமிக்கும் ஒருவரோ எந்த நிலையிலும் உடன் தங்கியிருக்க வேண்டும் என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. "நீங்கள் போய்விட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள், அதுவரை பார்க்க அனுமதி இல்லை" என்று சிறுவனின் பெற்றோரிடம் சொல்லும் எந்த மையமும் இந்தச் சட்டத்தை மீறுகிறது. பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, பிள்ளைகளுக்குத் தனி இடம் இருக்கிறதா, நாங்கள் உடன் தங்கலாமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்கும் உரிமை படிக்காத பெற்றோருக்கும் உண்டு.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வலுவானது: பல வீடுகளில் அப்பாவே குடிக்கிறார்; நோயைத் தந்தவரையே மருந்தாக்க முடியுமா? டாஸ்மாக் கடை இல்லாத வட்டாரம் தமிழ்நாட்டில் அரிது. இந்தக் கேள்வியை யாரும் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் அப்பாவின் குடி, அவரை ஒதுக்கி வைப்பதற்கான காரணமாகாது. அவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவதற்கான காரணம் அது. மகனுக்காக ஆலோசனைக்கு வந்து உட்காரும் தந்தை தன் குடியைப் பற்றி முதன்முறையாகப் பேசும் வாய்ப்பும் அங்கே பிறக்கிறது. அவர் வரவே மாட்டார் என்றால் அம்மா போதும்; அம்மா இல்லையென்றால் பாட்டியோ சித்தப்பாவோ பெரியம்மாவோ போதும். பிள்ளை நம்பும், போதை பழகாத ஒரு பெரியவர் தொடர்ந்து வந்தால் சிகிச்சை நடக்கும். ஒரே விதிவிலக்கு, வீட்டிலேயே அடி உதையோ பாலியல் கொடுமையோ இருக்கும் நிலை. அங்கே பிள்ளையின் பாதுகாப்பே முதல் வேலை. 1098 எண்ணில் அழைத்துக் குழந்தைகள் நலக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பிள்ளைகளின் தரப்பிலிருந்து வருவது: பெற்றோர் எதிரே எவன் உண்மை பேசுவான்? நியாயமான கேள்வி. ஆனால் குடும்பச் சிகிச்சை என்றால் எப்போதும் எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது என்று பொருளில்லை. பையனோடு தனியே பேச ஒரு நேரம், பெற்றோரோடு தனியே ஒரு நேரம், பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு நேரம் என்றுதான் இந்த முறைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அவன் தனியே சொல்வது அவன் அனுமதி இல்லாமல் வெளியே போகாது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் பெற்றோருக்குச் சொல்லப்படும். இந்த ஒப்பந்தத்தை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் பேசிவிட வேண்டும். ஆலோசகர் தன் இரகசியத்தைக் காக்கிறார் என்பதை இரண்டொரு முறை கண்டுகொண்ட பையன், கூட்டுப் பேச்சிலும் மெல்ல வாய் திறப்பான். சந்திப்பு முடிந்ததும் "அவன் என்ன சொன்னான்?" என்று ஆலோசகரைத் துருவாமல் இருப்பதுதான் பெற்றோர் இதற்குச் செய்ய வேண்டிய உதவி.

மூன்றாவது மறுப்பு கரிசலின் வாழ்க்கையிலிருந்தே எழுவது. தீப்பெட்டி ஆபீசில் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை பார்க்கும் அம்மா ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போய்விடும். மானாவாரிக் காட்டில் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிற நாளை யாரும் ஆஸ்பத்திரிக்காகத் தள்ளிப்போட முடியாது. அப்பா திருப்பூரிலோ லாரியிலோ இருப்பார். இவர்களை வாரம் தவறாமல் வரச் சொன்னால் எப்படி வருவார்கள்? வராதவர்களை 'அக்கறை இல்லாதவர்கள்' என்று கோப்பில் எழுதிவிடுவது எளிது, அது அநியாயமும்கூட. சபோச்னிக் குழுவினர் 1988-ல் 108 குடும்பங்களிடம் நடத்திய சோதனை இதற்கு நேரடியான விடை தருகிறது. வழக்கம்போல் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு காத்திருந்த பிரிவில் 42 சதவீதக் குடும்பங்களே வந்தன. சிகிச்சையாளர் தானே போனில் பேசி, தேவையானால் வீட்டுக்கே போய், வர மறுப்பவரின் தயக்கத்தைக் கேட்டறிந்து வேலை செய்த பிரிவில் 93 சதவீதம் வந்தன. சிகிச்சையை முடித்தவர்கள் முதல் பிரிவில் 25 சதவீதம், இரண்டாவதில் 77 சதவீதம். இரு பிரிவிலும் அதே வகைக் குடும்பங்கள். மாறியது அழைத்த விதம் மட்டுமே. நம் ஊரில் இதன் பொருள், வேலை விட்ட பிறகு மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ சந்திப்பு வைப்பது, வெளியூரில் இருக்கும் அப்பாவை வீடியோ காலில் சேர்ப்பது, விதைப்புக்கும் அறுப்புக்கும் தக்கபடி நாள் குறிப்பது, கிராமச் செவிலியரையும் பள்ளி ஆசிரியரையும் தூதாக அனுப்புவது.

நான்காவது மறுப்பு அறிவியலிலிருந்தே வருகிறது, அதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் கஞ்சா பழகிய 600 பதின்வயதினரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. ஐந்து வகைச் சிகிச்சைகளை அது ஒப்பிட்டது. குடும்பச் சிகிச்சை உட்பட எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. செலவைக் கணக்கிட்டால் எளிய முறைகளே முன்னிலை பெற்றன. அப்படியானால் பெற்றோரை வரவழைக்க ஏன் பாடுபட வேண்டும்? அப்படி முன்னிலை பெற்ற முறைகளில் ஒன்று, பெற்றோருக்கென்று தனிச் சந்திப்புகளைத் தன் திட்டத்திலேயே கொண்டிருந்தது. மேலும், குடும்பச் சிகிச்சையின் பெரிய ஆதாயம் பழக்கம் முற்றிய பிள்ளைகளிடம்தான் தெரிகிறது என்பதைப் பிந்தைய ஐரோப்பிய ஆய்வு காட்டியது. எப்போதோ ஒருமுறை தொட்டுப் பார்த்த பிள்ளைக்குச் சில ஆலோசனைச் சந்திப்புகளே போதும். பழக்கம் வேரோடிவிட்ட பிள்ளைக்குக் குடும்பம் முழுவதும் இறங்க வேண்டும். பெற்றோர் பங்கேற்பு எல்லாவற்றையும் தீர்க்கும் மந்திரம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பழக்கம் திரும்புவதும் உண்டு. அப்போது பையன் ஒளிந்துகொள்ளாமல் வீட்டில் சொல்லி, மறுநாளே சிகிச்சைக்குத் திரும்ப முடிகிறதா என்பதில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட உயரமான சுவர் வெட்கம். ஊர் என்ன சொல்லும், போலீஸ் வருமோ, அக்காவுக்கு மாப்பிள்ளை அமையாமல் போகுமோ என்ற பயம் பல மாதங்களை விழுங்கிவிடுகிறது. சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டால் இந்தப் பயத்தில் பாதி குறையும். போதைப் பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கு விசாரணையிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 64-ஏ பிரிவில் வழி வைத்திருக்கிறது. சிகிச்சையை முடிப்பது அதற்கு நிபந்தனை. பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுப்பவருக்குத்தான் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஒளிய வேண்டியவர் விற்றவர், பெற்றோர் அல்ல.

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி அரசு மருத்துவமனை பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பிவிடும் தூரம்தான். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதே மாவட்டத்துக்குள் இருக்கிறது. சிகிச்சை பக்கத்தில் இருந்தால்தான் பெற்றோர் உடன் வர முடியும். ஆகவே தொலைவில் உள்ள தனியார் விடுதியைத் தேடுவதற்கு முன் இவற்றின் மனநலப் பிரிவை நாடுங்கள். முதல் அடி எடுத்துவைக்கத் தயக்கமாக இருந்தால் மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446 ஆகிய எண்கள் இருக்கின்றன. காசு செலவில்லை, தமிழில் பேசலாம். மருத்துவர்களும் ஆலோசகர்களும் ஒரு மாற்றத்தைச் செய்ய வேண்டும்: பிள்ளையின் சிகிச்சைச் சீட்டில் 'பெற்றோர் அடுத்து வர வேண்டிய நாள்' என்ற ஒரு வரியை மருந்தின் பெயருக்கு இணையாக எழுதுங்கள், வராவிட்டால் நீங்களே போன் செய்யுங்கள். தலைமை ஆசிரியர்கள் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவதை நிறுத்தி, பெற்றோரையும் மருத்துவரையும் சந்திக்க வையுங்கள். பள்ளியை விட்டு வெளியேறிய பிள்ளைக்குத் தெருவைத் தவிர வேறு இடமில்லை. பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பழக்கத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் மீள்வதில் உங்களுக்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். அவனை எங்கே அழைத்துப் போனாலும், அவனை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நிற்காதீர்கள். நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள்.